எட்டு மணிக்கு முன்னால் ஏறியவர்கள்

தவிட்டுமேடு,
சனிக்கிழமை இரவு.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய ஹபீப் பெரியத்தாவுக்கு, தங்கள் தம்பி மகள் மெஹ்ரின், ஒன்பதாம் வகுப்பு, அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே, உண்மையாக, எனக்கு எதிராக இருப்பதையும் விடாமல் இதில் பதிவு செய்வேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன்.

இங்கு அத்தா, அம்மா, நான் மூவரும் நலம். கடையும் நலம். அங்கு கோயமுத்தூரில் தங்களுடைய புது முழங்கால் நலமா? பெரியம்மா நலமா? காலை மடக்கச் சொல்கிற மருத்துவரைத் தாங்கள் திட்டுவதாகப் பெரியம்மா சொன்னார்கள். திட்ட வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னார். திட்டினாலும் மடக்கிவிட்டுத் திட்டவும் என்று அத்தா எழுதச் சொன்னார்.

நம் மினி பஸ்ஸில் இந்த வாரம் நடந்ததைப் பலரும் தங்களுக்குப் போனில் சொன்னார்களாம். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவே இல்லையாம். கடைசியாக டிரைவர் பாலன் அண்ணன் பேசும்போது தாங்கள் போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்களாம். "அந்த மெஹ்ரின் புள்ளையை எழுதி அனுப்பச் சொல்லு, அதுக்குத்தான் கூட்டிச் சொல்லத் தெரியாது" என்று தாங்கள் சொன்னதாக அறிந்து பெருமைப்பட்டேன். படித்துவிட்டு, மூத்தவர்களின் இலவசப் பயணத்தில் காலை நெரிசல் நேரத்தைச் சேர்ப்பதா விலக்குவதா என்று தாங்கள் முடிவு சொல்ல வேண்டும். ஊரே காத்திருக்கிறது. ஊர் என்று நான் எழுதுவது பெரும்பாலும் நம் கடை வாசலில் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பழைய நிலவரம். தாங்கள் மெக்காவுக்கு உம்ரா சென்று திரும்பிய அன்று, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நம் பஸ்ஸில் இனி டிக்கெட்டே கிடையாது என்று அறிவித்தபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு என் மனத்தில் இருந்தவர்கள் இரண்டு மூன்று தாத்தாக்கள். எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அறிவிப்புக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர்கள் எல்லோருக்கும் காலை எட்டு மணி பத்து நிமிட வண்டிதான் பிடிக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் நிறுத்தத்துக்கு வரும்போது ஜன்னல்கள் வழியாக ஸ்வெட்டர்களும் குடைகளும் வெற்றிலைப் பைகளும் உள்ளே போய் இருக்கைகளில் உட்கார்ந்துவிட்டிருக்கும். குடைக்கு உட்கார இடம் இருந்தது, எனக்கு நிற்க இடம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு போனோம். சில நாட்கள் என் புத்தகப் பை மட்டும் பஸ்ஸில் ஏறிக் குன்னூர் போனது. நான் அடுத்த வண்டியில் போனேன்.

அதனால்தான் தங்கள் அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, தங்கள் முன்னால் நின்று மாணவர்கள் சார்பில் பேசினேன். பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்குக் காலையில் ஒரு நேரம்தான் உண்டு, மூத்தவர்களுக்கோ நாள் முழுவதும் உண்டு, ஆகவே எட்டு மணி முதல் ஒன்பதரை வரை இலவசத்தை நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை என்று சொன்னேன். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "நாளைக்கு என்னையக் கீறப் போறாங்க கண்ணு. இன்னைக்கு யாரு என்ன கேட்டாலும் சரிதான்" என்றீர்கள். என் வாதத்தின் வலிமையால்தான் ஒத்துக்கொண்டீர்கள் என்று அப்போது நினைத்தேன். அதே இரவில் அத்தா கேட்ட மின் தராசுக்கும் பாலன் அண்ணன் கேட்ட ஒரு வார லீவுக்கும் தாங்கள் சரி சொன்னது பிறகுதான் தெரிய வந்தது. பாலன் அண்ணன் லீவு எடுக்கவில்லை. என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்.

விதியைப் பலகையில் எழுதியதும் நானே. "காலை எட்டு மணி முதல் ஒன்பதரை மணி வரை ஏறும் மூத்தவர்களுக்கு இலவசப் பயணம் இல்லை." நீல மையில் எழுதி, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்து, படிக்கட்டுக்கு மேலே கட்டினோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வாரம் மிக முக்கியமான வாரம். எங்கள் பள்ளி நூலகத்தின் சாவியை வெள்ளிக்கிழமை ஒரு மாணவியிடம் ஒப்படைப்பதாகவும், என்னையும் சக்தியையும் மனத்தில் வைத்திருப்பதாகவும், வாரம் முழுவதும் யார் நேரத்துக்கு வருகிறார்களோ அவருக்கே சாவி என்றும் சுகந்தி டீச்சர் சொல்லியிருந்தார். சக்தியின் வீட்டுச் சுவரும் பள்ளிச் சுவரும் ஒன்று. அவள் மணியடித்த பிறகு எழுந்தால்கூட நேரத்துக்கு வந்துவிடுவாள். சாவி வைத்திருப்பவர் எந்த அலமாரியையும் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், பெரியத்தா. எந்த அலமாரியையும்.

திங்கட்கிழமை நான் எட்டு மணிக்கே நிறுத்தத்துக்குப் போய், ஜன்னலோர இருக்கையில் என்ன படிப்பது என்றுகூடத் தீர்மானித்து நின்றேன். வண்டி மேலே ஏறி வந்து திரும்பி நின்றது. உள்ளே பார்த்தால் முழு வண்டியும் மூத்தவர்கள். முன்பு வந்தவர்களும் இருந்தார்கள், முன்பு வராதவர்களும் இருந்தார்கள். கண்டக்டர் முத்துவேல் அண்ணன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். முதல் இருக்கையில், எஸ்டேட் ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற முத்துராஜ் ஐயா, பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பலகையப் பாக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தன் கண்ணு. எழுத்து முத்து முத்தா இருக்குது. எட்டு மணிக்கு மேல ஏறுனாத்தான காசு? நாங்க ஏழு மணி வண்டிக்கே ஏறிட்டம்."

"ஏழு மணி வண்டி குன்னூருக்குப் போயிட்டுத் திரும்பி வந்துருச்சுங்களே!"

"நாங்களும் போயிட்டுத் திரும்பி வந்துட்டம்."

அவருக்குப் பின்னால் இருந்து கருப்பம்மாள் பாட்டி தலையை நீட்டினார். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கெல்லாம் கங்காணி மாதிரி இருந்தவர் என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பஸ்ஸுக்கு இருக்கிறார். "அந்த ஆஸ்பத்திரிக்காரன் எட்டரைக்கு மேலதான் சீட்டு குடுப்பான். ஏழரைக்கே போயி வாசல்ல நின்னு பல்லு கிட்டிக்கிறதுக்கு, பஸ்ஸுலயே இன்னொரு சுத்து வந்தா ஒடம்பும் சூடாவுது, ஊரும் பாத்த மாதிரி ஆவுது. நல்ல சட்டந்தான் புள்ள போட்டுருக்க. முன்ன ஒரு தரந்தான் மலை எறங்குவம், இப்ப எறங்கி ஏறி மறுக்காவும் எறங்குறம்."

ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் இந்தச் செய்தி கேள்விப்பட்டுச் சுற்றுலாவுக்கு வருவது போல ஃபிளாஸ்க்கோடு வந்திருந்தார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். முத்துராஜ் ஐயாவின் மனைவி மகாலட்சுமி அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே வந்தார். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் நூல் உருண்டை அவர் மடியிலிருந்து குதித்து, எல்லோர் காலுக்கும் நடுவில் புகுந்து, அடுத்த வளைவில் எதிர்ப் பக்கமாகத் திரும்பி வந்து, முத்துவேல் அண்ணனின் இரண்டு கால்களையும் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டது. அவர் டிக்கெட் கொடுக்க நகர முடியாமல் நின்றார். "அத்துராதீங்க தம்பி, ஊட்டி நூலு" என்று மகாலட்சுமி அம்மா கெஞ்சினார். அவிழ்ப்பதற்குப் பதினோராம் வகுப்பு அக்காக்கள் உதவினார்கள், அவிழ்த்ததில் இரண்டு அக்காக்களின் ஜடையும் சேர்ந்துகொண்டது. நான் பள்ளி வாசலில் ஒரு காலை வைக்கும்போது மணி அடித்தது. ஒரு கால் உள்ளே இருந்ததால் அது தாமதம் ஆகாது என்று சுகந்தி டீச்சர் தீர்ப்புச் சொன்னார்.

அன்று மாலையே பலகையில் ஒரு வரி சேர்த்தேன். "தவிட்டுமேட்டில் வண்டி நின்றதும் அனைவரும் இறங்கியாக வேண்டும்." இறங்கிவிட்டால், மறுபடி ஏறும்போது மணி எட்டைத் தாண்டிவிடும். இதில் ஓட்டையே இல்லை என்று முத்துவேல் அண்ணனும் நானும் நம்பினோம்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. இறங்கினார்கள். பெரியத்தா, மூத்தவர்கள் இறங்குவதைத் தாங்கள் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள், ஏறுவதற்காகக் கீழே காத்து நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். முதலில் கைத்தடி இறங்கும். பிறகு அது சரியான இடத்தில் ஊன்றவில்லை என்று மேலே போகும். பிறகு ஒரு கால் வரும். அந்தக் கால் தரையைத் தொட்டதும், உள்ளே மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டது நினைவுக்கு வரும். திரும்பி உள்ளே போவார்கள், அதற்குள் பின்னால் வந்தவர் படிக்கட்டில் நிற்பார், இருவரும் ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டே நிற்பார்கள். "நீங்க போங்க", "இல்லீங்க, நீங்க போங்க", "உங்க மருமவளுக்குக் கொழந்தை பொறந்துருச்சுங்களா?" என்று பேச்சு வளரும். கருப்பம்மாள் பாட்டி ஒருவரே ஒரு குடைக்காகவும், ஒரு பைக்காகவும், பிறகு எதற்காக உள்ளே வந்தோம் என்று யோசிப்பதற்காகவும் திரும்பித் திரும்பிப் போனார்.

பாலன் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடப் புள்ளைக நேரம் போகுது, ரைட்டு!" என்று தாமே விசில் அடித்து வண்டியைக் கிளப்பிவிட்டார். பாதிப் பேர் கீழே, பாதிப் பேர் மேலே. முத்துராஜ் ஐயா கீழே, மகாலட்சுமி அம்மா மேலே. ஐயா பேப்பரை ஆட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க, ஐயா ஓடி வர்றாரு!" என்று நாங்கள் எல்லோரும் கத்தினோம். மகாலட்சுமி அம்மா மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வரட்டும் மெதுவா. கல்யாணம் ஆனதுலருந்து இன்னைக்குத்தான் எனக்கு ஜன்னல் சீட்டு கெடச்சுருக்குது" என்றார்.

வண்டி நின்றது, பின்னால் போனது, கீழே இருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் ஆட்களைத் தேடி மேலே ஏறினார்கள், மேலே இருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் ஆட்களைத் தேடிக் கீழே இறங்கினார்கள். நாங்கள் கிளம்பும்போது முத்துராஜ் ஐயா மேலே, மகாலட்சுமி அம்மா கீழே. யாரிடமும் டிக்கெட்டுக்குக் காசு வாங்க முத்துவேல் அண்ணனுக்கு மனமும் வரவில்லை, குரலும் வரவில்லை. பள்ளியில் மைக் வேலை செய்யாததால் காலைக் கூட்டம் தாமதமாகத் தொடங்கியிருந்தது, நான் வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நானே சுகந்தி டீச்சரிடம் போய், "டீச்சர், நான் தாமதமாக வந்தேன், யாரும் பார்க்கவில்லை" என்று சொன்னேன். டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடினார். "சரி, இந்தத் தடவை விட்டுடறேன். இன்னொரு நாள் லேட்டானா சாவி சக்திக்குத்தான்" என்றார்.

அன்று மாலை மூத்தவர்கள் நம் கடையில் கூடினார்கள். சிரிப்பும் சத்தமும் இல்லை. நான் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். "காசு பெருசில்லீங்க" என்றார் முத்துராஜ் ஐயா. "ஹபீப் பாய் மெக்காவுக்குப் போயி வந்து, எங்களை நெனச்சுக் குடுத்தாரு. குடுத்ததுல பாதிய எடுத்துக்கிட்டா மீதியக் கை நீட்டி வாங்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குது. எறங்கு எறங்குன்னு பலகை போட்ட வண்டில நான் ஏறல." கருப்பம்மாள் பாட்டி, "நானும் ஏறல. கால் இருக்குது, நடப்பன்" என்றார். அத்தா எல்லோருக்கும் டீ கொடுத்தார். எனக்கும் ஒரு பார்வை கொடுத்தார்.

புதன்கிழமை வண்டியில் ஒரு மூத்தவர்கூட இல்லை. எனக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தது. ஒரு முழு அத்தியாயம் படித்தேன். பள்ளி வாசல் திறப்பதற்கு முன்பே போய், வாட்ச்மேனுக்குக் காலை வணக்கம் சொன்னேன். பாலன் அண்ணன்தான், "வண்டியா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குது. வளைவுல திரும்பும்போது 'பாத்து பாத்து'ன்னு கத்தக்கூட ஒரு ஆளில்ல" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினார். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

வியாழக்கிழமை, தங்களுக்கே தெரியும், ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் நாள். வெறும் வயிற்றோடு போக வேண்டும், அதுவும் காலையிலேயே போனால்தான் எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நெரிசல் நேரத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்று தங்கள் முன்னால் அவ்வளவு அழகாகக் கேட்டிருக்க மாட்டேன். வண்டி பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும், பாதி காலியாகக் கிளம்பியது. பனி மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் முதலில் குடைகள் தெரிந்தன, பிறகு ஸ்வெட்டர்கள், பிறகு கைத்தடிகள். தவிட்டுமேட்டின் மூத்தவர்கள் எல்லோரும் சாலையின் முழு அகலத்துக்கும் பரவி, குன்னூரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் பள்ளம். முந்த வழியே இல்லை. பாலன் அண்ணன் ஹாரன் அடித்தார். கருப்பம்மாள் பாட்டி திரும்பாமலே, தாராளமாகப் போ என்பது போலக் கையை வீசினார். எங்கே போவது? வண்டி அவர்களுக்குப் பின்னால் அவர்கள் வேகத்தில் ஊர்ந்தது. எங்களுக்குப் பின்னால் கொழுந்து லாரி வந்து சேர்ந்தது, அதற்குப் பின்னால் பால் ஜீப், அதற்குப் பின்னால் கேரட் ஏற்றிய பிக்கப். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். தவிட்டுமேட்டுச் சாலையில் நான் பார்த்த உண்மையான முதல் நெரிசல் அதுதான், அதில் ஒரே காலியான இடம் நம் பஸ்ஸின் உள்ளே இருந்தது. நடுவில் ஒரு காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து சாலையில் இறங்கியது. எல்லோரும் மூச்சை அடக்கி நின்றோம். அது எங்கள் வரிசையை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தது. பிறகு, இவர்களோடு போனால் வேலைக்கு ஆகாது என்பது போல, ஓரமாக எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏறிக்கங்க, எல்லாரும் ஏறிக்கங்க!" என்று கத்தினேன்.

"எலவசமா?" என்றார் முத்துராஜ் ஐயா நடந்துகொண்டே.

"இல்லீங்க ஐயா, இப்ப நெரிசல் நேரம்."

"நெரிசலா? வண்டி காலியாத்தான கெடக்குது. எங்க கண்ணு நெரிசலு, காட்டு பாக்கலாம்."

வாரம் முழுவதும் பல பேர் பல விதமாகப் பேசினார்கள், ஆனால் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கியது இந்தக் கேள்விதான். நான் இறங்கி அவர்களோடு நடந்தேன். முத்துராஜ் ஐயாவுக்கு ஒரு பக்கமும் கருப்பம்மாள் பாட்டிக்கு ஒரு பக்கமுமாக மாறி மாறி நடந்து கெஞ்சினேன். பள்ளி மணி, சாவி, அலமாரி எல்லாவற்றையும் சொன்னேன். "சாவிக்குப் போயி இப்பிடி அழுவுறியே, எங்கூட்டுச் சாவி தரட்டா?" என்று பாட்டி கேட்டார். கேட்டுவிட்டு, சாலையோரப் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஒண்ணுமில்ல, வெறும் வயிறு, தல கொஞ்சம் சுத்துது" என்றார். முகம் வெளுத்திருந்தது. அந்த நிமிடம் எனக்குச் சாவி மறந்துபோனது என்று எழுத ஆசை. மறக்கவில்லை. ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

பஸ்ஸுக்கு ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றிக் கொண்டு வந்து, ஈரமாக இருந்த சுவரின் மேல் போட்டுப் பாட்டியை உட்கார வைத்தேன்.

"எல்லாரும் ஏறுங்க. காசு வேண்டாம்" என்றேன்.

"யாரு சொல்றது?"

"நான்தான் சொல்றேன்."

"பலகை ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற."

"பலகை மேல நீங்க உக்காந்துட்டீங்க பாட்டி."

பாட்டிக்குத் தலைசுற்றலிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அட இவளே!" என்று என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு எழுந்தார். எல்லோரும் ஏறினார்கள். ஏறுவதும் இறங்குவதைப் போலவே நடந்தது, அதை மறுபடி எழுதவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுத்தோம். பின்னாலிருந்த கொழுந்து லாரிக்காரர் இறங்கி வந்து இரண்டு தாத்தாக்களைத் தூக்கியே ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் முதலில் வரும், எங்கள் பள்ளி அடுத்தது. ஆஸ்பத்திரியில் ஒருவரும் இறங்கவில்லை. "இந்தப் புள்ள நம்மளாலதான் லேட்டு. டீச்சர்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம். வண்டிய விடு பாலா" என்று கருப்பம்மாள் பாட்டி உத்தரவு போட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது பதிவாக வேண்டும். வாசல் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கைத்தடிகளைப் பார்த்ததும் திறந்துவிட்டார். சுகந்தி டீச்சர் கையில் சாக்பீஸுடன் வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, கொழந்தை மேல குத்தமில்லீங்க" என்று முத்துராஜ் ஐயா கை கூப்பினார். "ரோட்ட அடைச்சு நடந்தது நாங்க."

"ஏன் நடந்தீங்க?"

"பஸ்ஸுல ஏறலீங்க."

"ஏன் ஏறலை?"

"ஏறக்கூடாதுன்னு பலகை போட்டுருந்துதுங்க."

"யாரு அப்படி ஒரு பலகை எழுதினது?"

எல்லோரும் ஒரே சமயத்தில் மிகுந்த பாசத்துடன் என்னைக் காட்டினார்கள். "இந்தக் கொழந்தைதானுங்க. பூவெல்லாம் போட்டு அழகா எழுதிருந்துச்சு" என்று மகாலட்சுமி அம்மா எனக்கு ஆதரவாகச் சொன்னார்.

சுகந்தி டீச்சர் வருகைப் பதிவேட்டை வரவழைத்தார். எனக்குத் தாமதக் குறி விழுந்தது. ஆனால் மலையிறங்கி நடந்து வந்த பெரியவர்களை நிற்க வைத்து அனுப்ப அவருக்கு மனமில்லை. நூலகத்தைத் திறந்து நாற்காலியிலும் பாயிலுமாக உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். குளிரில் நடந்து வந்தவர்கள், வாங்கிக் குடித்தார்கள். இரண்டாவது பிஸ்கட்டை முக்கி எடுக்கும்போதுதான் முத்துராஜ் ஐயா கையை அப்படியே நிறுத்தினார். "அய்யய்யோ, வெறும் வயிறு!" என்றார். எல்லோரும் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்கள். அந்த வாரத்து ரத்தப் பரிசோதனை அதோடு முடிந்தது. இனி அடுத்த வியாழன்தான். கருப்பம்மாள் பாட்டி மட்டும் கலங்காமல், "கெட்டது கெட்டுப்போச்சு, இன்னொரு டீ குடுங்க டீச்சர், சர்க்கரை தூக்கலா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் சாவியைச் சக்தியிடம் கொடுத்தார்கள். சக்தி கொட்டாவியை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். நானும் கை தட்டினேன். மூன்று தட்டுதான் தட்டினேன்.

ஆகவே, பெரியத்தா, என் கருத்து இதுதான். மூத்தவர்கள் காலை நேரத்தில் பஸ்ஸில் வருவது எங்களுக்கு இடைஞ்சல் செய்ய அல்ல. ஆஸ்பத்திரியும் அந்த நேரத்தில்தான் சீட்டு கொடுக்கிறது, வெறும் வயிறும் அந்த நேரம் வரைக்கும்தான் தாங்குகிறது. எட்டு மணிக்கு இலவசத்தை நிறுத்தினால் நெரிசல் ஏழு மணிக்குப் போய் ஏறிக்கொள்கிறது, இறங்கச் சொன்னால் படிக்கட்டில் நிற்கிறது, ஏறவே வேண்டாம் என்றால் சாலைக்கு வந்துவிடுகிறது. ஒரு நாளில் பாதியை மட்டும் கொடுத்தால் அது கொடுத்தது போலவும் இல்லை. தாங்கள் முதலில் சொன்னபடியே எல்லா நேரமும் இலவசமாக இருக்கட்டும். வேண்டுமானால் குடைகளுக்கு மட்டும் டிக்கெட் போடலாம். இந்தக் கருத்தில் நான் உறுதியாக இருக்கிறேன், யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தங்கள் முழங்கால் மருத்துவருக்கு முன்னால் மடங்காவிட்டாலும் தொழுகையில் மடங்கும்படி அல்லாஹ் அருள் செய்யட்டும். பெரியம்மாவுக்கு என் சலாமும் அம்மாவின் ஊறுகாயும் பாலன் அண்ணன் வழியாக வருகின்றன. அத்தா தம் துஆவையும் புதுத் தராசுக்கு நன்றியையும் சேர்க்கச் சொன்னார். முத்துராஜ் ஐயா, மகாலட்சுமி அம்மா, கருப்பம்மாள் பாட்டி மூவரும் தங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
மெஹ்ரின்.

பின்குறிப்பு: பெரியத்தா, உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு செய்தி. சுகந்தி டீச்சர் இப்போதுதான் அம்மாவிடம் போனில் பேசினார். சாவி வைத்திருப்பவர் தினமும் எட்டு மணிக்கே வந்து நூலகத்தைத் திறந்து, கூட்டி, அலமாரி துடைக்க வேண்டுமாம். இதைக் கேட்டதும் சக்தி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். சாவி எனக்கு! திங்கள் முதல் நான் ஏழு மணி வண்டியில் போக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி காலியாக இருக்கும், நூலகமும் காலியாக இருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆனால் அம்மா, பனியில் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று அத்தாவிடம் கேட்க, அத்தா கடையில் கேட்க, கடையில் இருந்த கருப்பம்மாள் பாட்டி, "நாங்க எதுக்கு இருக்கறம்? புள்ளைக்குத் தொணைக்கு எல்லாருமே ஏழு மணிக்கு வாரம்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் என்றால் எல்லோரும். வியாழக்கிழமை மட்டுமல்ல, தினமும். ஆஸ்பத்திரி திறக்கிற வரை நூலகத்திலேயே உட்கார்ந்துகொள்வார்களாம், டீச்சரும் சம்மதித்துவிட்டாராம். நூலகத்தில் மொத்தமே நான்கு நாற்காலிகள்தான் இருக்கின்றன. முத்துராஜ் ஐயாவுக்கு வாய்விட்டுத்தான் படிக்க வருமாம்.

ஆகையால் மேலே நான் எழுதிய கருத்தைத் தயவுசெய்து அடித்துவிடவும். இலவசம் எட்டு முதல் ஒன்பதரை வரை தாராளமாக இருக்கட்டும். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை மட்டும் வேண்டவே வேண்டாம். இதை நான் கேட்டதாகக் கருப்பம்மாள் பாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டாம், ஏனென்றால் அவர்

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.